பத்தரைக்கு முன் தெளித்த கோதுமை

அந்த ஆய்வுகூடத்தில் என்னை வேலைக்கு எடுத்தது கண்ணாடிக் குடுவை கழுவத்தான். யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். ரொறன்ரோவில் அந்தப் பட்டத்தை ஒருவரும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. நேரத்துக்கு வருவாயா, ஒன்றையும் உடைக்க மாட்டாயே என்று மட்டும் கேட்டார்கள். ஒன்றரை வருடம் வாய் திறக்காமல் கழுவினேன். என் குணத்துக்கு அது பெரிய தவம்.

ஒரு தை மாதம் அங்கிருந்த உதவியாளர் திடீரென்று வேலையை விட்டுப் போக, டொக்டர் என்னைக் கூப்பிட்டார். டொக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை, ஆய்வுகூடத்தின் தலைவர். நெட்டையான வெள்ளைக்காரர், சிரிப்பதற்குக்கூட யோசிப்பார். என் விண்ணப்பத்தை அன்றைக்குத்தான் கடைசிப் பக்கம் வரை வாசித்திருக்க வேண்டும். “நீங்கள் தாவரவியல் படித்தவரா? ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார். நீங்கள் கேட்டால்தானே சொல்வதற்கு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அந்த வசந்தகாலப் பரிசோதனையை நான் பொறுப்பெடுக்க வேண்டும், அது ஒழுங்காக நடந்தால் வேலையை நிரந்தரமாக்கிக் கடிதம் தருவேன் என்றார்.

நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

அப்பாவும் அம்மாவும் அப்போது கொழும்பில், வெள்ளவத்தைப் பக்கம் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே வெளிக்கிட்டபோது அவர்களும் வெளிக்கிட்டு, வன்னியில் அலைந்து, எப்படியோ அங்கே வந்து சேர்ந்தவர்கள். ஒரு அறை, ஒரு கட்டில், பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு. அப்பா ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சு அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியிருந்தார். அவர்களை இங்கே ஸ்பொன்சர் பண்ணுவதற்கு எங்களிடம் இல்லாமல் இருந்தது ஒன்றே ஒன்று, நிரந்தர வேலைக் கடிதம். என் கணவர் வேலை செய்த மார்க்கம் நகரத் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்ததில் அவர் வீட்டில் இருந்தார். ஆகவே அப்பாவைக் கொண்டுவரக்கூடிய கடிதம் என் கையால்தான் வரவேண்டும் என்று ஆகிவிட்டது.

இனிப் பரிசோதனை. கோதுமைக்கு ஒரு பங்கசு நோய் உண்டு, பூஞ்சணம் என்பார்களே, அதில் ஒரு வகை. கதிர் பூக்கிற நேரம் மழை பெய்தால் பிடித்துக்கொள்ளும். பச்சைக் கதிர் பாதியில் வெளிறிப்போய், அடியில் மெல்லிய இளஞ்சிவப்புப் படலம் தெரியும். மணி சூம்பிச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். அதோடு விட்டதா, மணிக்குள் நஞ்சு வேறு. பன்றிக்குப் போட்டால் பன்றியே சத்தி எடுக்கும். டொக்டர் நோய் பிடிக்காத கதிர்களில் இருந்து ஒரு பற்றீரியாவைப் பிரித்து வளர்த்து வைத்திருந்தார். பூக்கிற கதிரில் இந்த நல்ல பற்றீரியாவை முதலே குடியேற்றிவிட்டால், பின்னால் வருகிற பங்கசுக்கு இருக்க இடமும் இல்லை, தின்னச் சாப்பாடும் இல்லை. பஸ்ஸில் முதலே ஏறிக் கைலேஞ்சி போட்டு சீட் பிடிக்கிற வேலைதான். அதைப் பற்றீரியா ஒழுங்காகச் செய்யுமா என்பதுதான் கேள்வி.

கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு கண்ணாடி வீடு. அதற்குள் நாற்பது சாடிகளில் கோதுமை. இருபது சாடிக்குப் பற்றீரியா தெளிப்பது, மற்ற இருபதுக்குப் பற்றீரியா இல்லாத வெறும் கரைசல். அதை வியாழக்கிழமையே செய்து முடித்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை எல்லாச் சாடிக்கும் ஒரே நேரத்தில் பங்கசு வித்துக் கலந்த தண்ணீரைத் தெளித்து, கையோடு ஈர அறைக்குள் வைக்க வேண்டும். ஈர அறை என்பது மூன்று நாளைக்கு இடைவிடாமல் தண்ணீரைப் புகையாகத் தூவும் சின்ன அறை. அந்த ஈரத்தில்தான் வித்து முளைத்துக் கதிருக்குள் இறங்கும். டொக்டர் அன்றைக்கு வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போகிறார். தன் கையால் எழுதிய தாளை என்னிடம் தந்தார்: பத்தரைக்குத் தொடங்கவும். அரை மணித்தியாலத்துக்குள் முடிக்கவும். தாமதிக்காமல் ஈர அறைக்குள் வைக்கவும்.

வெள்ளிக்கிழமை பத்தரை. தமிழர் வீட்டில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பத்தரையில் இருந்து பன்னிரண்டு வரை ராகு காலம்.

வியாழன் பின்னேரம், டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்ட் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், தமிழ்க் கடையில் தந்த நாட்காட்டியைப் பார்த்தபடி நின்றேன். என் கணவருக்கு விளங்கிவிட்டது.

“என்ன, கொழும்பு ராகு கனடாவுக்கும் விசா எடுத்துக்கொண்டு வந்திட்டாரோ? எங்களுக்கே ரெண்டு வருசம் இழுத்தடிச்சவங்கள்.”

“உங்களுக்கு எல்லாம் பகிடி. அப்பான்ர விசயமப்பா இது.”

“அப்ப அந்த டொக்டரிட்டைச் சொல்லி நேரத்தை மாத்துமன்.”

“ஓம், சொல்லுறன். உடன திரும்பவும் கழுவுற இடத்துக்கு அனுப்பிப்போடுவார்.”

கலியாணத்துக்குத் தாலி கட்டுவதில் இருந்து லைசன்ஸ் எடுக்கப் போவது வரை ராகு காலம் பார்த்தவள் நான். படித்தவளாம், பட்டதாரியாம். மூளையில் ஒரு பக்கம் தாவரவியல், மறுபக்கம் நாட்காட்டி. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதே இல்லை. அப்பாவின் கடிதம் தொங்குகிற ஒரு காரியத்தை ராகு காலத்தில் தொடங்க என் கை வரவே வராது. தாளில் பத்தரை என்றுதான் இருக்கிறது, அரை மணி முந்தினால் என்ன குடிமுழுகிவிடும் என்று தீர்மானித்தேன்.

வெள்ளி காலை பத்து மணிக்குச் சாமியைக் கும்பிட்டுவிட்டுத் தெளிகருவியைக் கையில் எடுத்தேன். முதலில் பற்றீரியா போட்ட சாடிகள், வெல்ல வேண்டியவை அவைதானே. ஒவ்வொரு கதிராகத் திருப்பித் திருப்பித் தெளித்து முடிக்கப் பத்து இருபத்தைந்து. மிச்சம் இருபது சாடி. மணிக்கூட்டைப் பார்த்தேன். கை நின்றுவிட்டது. இனி எடுத்தால் ராகு காலத்துக்குள் விழும். நல்ல பக்கத்தை நல்ல நேரத்தில் தொடங்கியாயிற்று, மற்றதைப் பிறகு பார்த்து எல்லாவற்றையும் சேர்த்தே ஈர அறைக்குள் வைப்போம் என்று, தெளித்த சாடிகளை மேசையிலேயே விட்டுக் கீழே போய்க் குடுவை கழுவினேன். கழுவ எப்போதும் ஏதாவது இருக்கும்.

கழுவும்போது எனக்கே ஒரு யோசனை வந்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. வெறும் கரைசல் போட்ட சாடிகள் நோய் பிடிக்க வேண்டியவை. நோய் பிடிக்க வேண்டியதுகளுக்கு ராகு காலம் பொருத்தம்தானே! பதினொன்று நாற்பதுக்கு மேலே ஏறிப்போய், “உங்களுக்கு இதுதான் நல்ல நேரம்” என்று சிரித்துக்கொண்டே அவற்றுக்குத் தெளித்தேன். பன்னிரண்டு அடித்த கையோடு நாற்பது சாடியையும் ஈர அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். பதிவுத் தாளில் தெளித்த நேரம் என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. 10.30 என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அது பொய் என்று எனக்கு அந்த நேரம் தோன்றவே இல்லை. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு நேரம் என்றுதான் பட்டது.

மூன்று கிழமை கழித்து டொக்டரும் நானும் கதிர்களை எண்ணினோம். வெறும் கரைசல் போட்ட சாடிகளில் கதிர் எல்லாம் வெளிறி, இளஞ்சிவப்பு ஏறி, பார்க்கவே அருவருப்பு. பற்றீரியா போட்டவை பச்சைப் பசேலென்று நின்றன. டொக்டர் சிரித்தார். உண்மையாகவே பல் தெரியச் சிரித்தார்! எனக்கும் நெஞ்சு துள்ளியது. அப்பா, உங்களுக்கு ரிக்கட் போட்டாச்சு என்று மனதுக்குள் சொன்னேன்.

பிறகுதான் அந்த இரண்டு சாடிகளையும் பார்த்தேன். பற்றீரியா போட்ட இருபதில் இரண்டு மட்டும் மற்றப் பக்கத்தைவிட மோசமாக நோய் பிடித்து நின்றன. “இரண்டுதானே, எந்தப் பரிசோதனையிலும் இப்படி வரும்” என்று டொக்டர் எழுதிக்கொண்டு போனார். நான் சாடி இலக்கத்தைப் பார்த்தேன். அந்த இரண்டும் அன்றைக்கு மேசைக் கோடியில், ஒழுகுகிற தண்ணீர்க் குழாய்க்குக் கீழே நின்றவை. மற்றப் பதினெட்டுக்கும் நேர் மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

நான் படித்த தாவரவியல் அந்த நேரம் பார்த்து எழும்பி வந்தது. பத்து மணிக்குத் தெளித்த பதினெட்டுச் சாடியும் பன்னிரண்டு வரை காற்றாடிக்குக் கீழே நின்று காய்ந்திருக்கின்றன. நனைந்து காய்ந்த வித்து பாதி செத்த வித்து. வெறும் கரைசல் சாடிகளோ தெளித்த ஈரத்தோடேயே உள்ளே போயின. குழாய்க்குக் கீழே நின்ற இரண்டும் காயவில்லை, அவற்றில் நோய் பிடித்திருக்கிறது. நோயைத் தடுத்தது பற்றீரியா இல்லை. காற்றாடியும் என் ராகு காலமும்.

வாயை இறுக்க மூடிக்கொண்டு எண்ணி முடித்தேன்.

அடுத்த கிழமை டொக்டர் ஒரு கடித உறையை என் கையில் தந்து, வாழ்த்துகள் என்றார். நிரந்தர வேலை. நான் அதைக் கைப்பையின் உள்பக்கம் இழுத்துப் பூட்டுகிற சிப்புக்குள் வைத்துக்கொண்டு கெனடி வீதி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்கப் பையை மடியில் கட்டிப்பிடித்திருந்தேன். ஸ்பொன்சர் படிவம் எல்லாம் நிரப்பி மேசையில் தயாராகக் கிடந்தது. கடிதத்தைச் சேர்த்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. நாளைக்கு அனுப்புவோம் என்றேன். அடுத்த நாளும் நாளைக்கு என்றேன். என் கணவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஞாயிறு காலை அப்பா ரெலிபோன் எடுத்தார். குரல் இளைத்திருந்தது, ஆனால் உற்சாகம். “பிள்ளை, கடிதம் கிடைச்சிட்டுதாம் எண்டு மருமகன் சொன்னார். நான் இப்பவே நடைபாதைக் கடையில ஒரு சுவெட்டர் வாங்கிப்போட்டன். கொம்மா சிரிக்கிறா, கொழும்பு வெயிலுக்கை போட்டுப் பாக்கிறனாம்.” நானும் சிரித்தேன். ரெலிபோனை வைத்த பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அந்தக் கிழமையே டொக்டரைத் தேடி ஒரு விவசாயி வந்தார். விட்பி என்ற ஊருக்கு வடக்கே அவருக்குக் கோதுமை நிலம். அறுபது வயதிருக்கும், விரல்கள் மரவேர் மாதிரி. போன கோடையில் அவரது கோதுமையை நஞ்சு என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சுற்றிவர நிலமெல்லாம் புது வீடு கட்டுகிறவர்கள் வாங்கிவிட்டார்கள், இந்த வருடமும் கோதுமை கெட்டுப்போனால் தானும் விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான் என்றார். டொக்டர் அவருக்குச் சாடிகளைக் காட்டினார். அந்த மனிதர் பச்சைக் கதிரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “இந்த வருடம் மருந்தே அடிக்கப் போவதில்லை. முழு நிலத்துக்கும் உங்கள் பற்றீரியாதான்” என்றார். டொக்டர் என்னைக் காட்டி, “செய்தது இவர்தான்” என்றார். விவசாயி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார், வாயில் வைக்கவில்லை.

“ஆருக்கும் தெரியுமோ?”

“எனக்குத் தெரியும்.”

“உமக்குத் தெரிஞ்சா உம்மோட இருக்கட்டும். பற்றீரியா உண்மையா வேலை செய்யாதெண்டும் இல்லைத்தானே?”

“செய்யுமோ செய்யாதோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் விசயம். அந்தாள் முழு நிலத்துக்கும் அடிக்கப் போறாரப்பா. மழை பெய்தா?”

“அந்தாளுக்கு நிலம் போனா வீடு கட்டுறவன் வாங்குவான். மாமாவுக்கு இன்னொருக்கா நெஞ்சு அடைச்சா?” அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். “நீர் சொல்லுறது சரியாவே இருக்கட்டும். கடிதத்தை முதல் அனுப்பும். விசா வரட்டும். பிறகு ஆறுதலாச் சொல்லும்.”

அவர் சொன்னதிலும் பிழை இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. ஆனால் கோதுமை விசா வரும்வரை பூக்காமல் இருக்குமா? இன்னும் மூன்று கிழமையில் கதிர் பூக்கும், அப்போது அந்த மனிதர் தெளித்துவிடுவார். நிரப்பின படிவத்தைப் பார்த்தேன். அப்பாவின் பெயரை நானே கவனமாகப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். யார் மேல் என்று தெரியாமல் ஆத்திரம் வந்தது. ராகு மேல், டொக்டர் மேல், அந்த விவசாயி மேல், எல்லாருக்கும் மேலாக என் மேல்.

திங்கட்கிழமை டொக்டரின் அறைக் கதவைத் தட்டினேன். பத்து மணி, பதினொன்று நாற்பது, பன்னிரண்டு, காற்றாடி, குழாய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நின்றால் திரும்பி ஓடிவிடுவேன் என்று பயம். அவர் பதிவுத் தாளை எடுத்து என் கையெழுத்தைப் பார்த்தார்.

“ஏன் பத்தரைக்குத் தொடங்கவில்லை?”

ஆங்கிலத்தில் ராகு காலத்தை விளங்கப்படுத்திய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம் உண்டு, அந்த நேரம் நாங்கள் நல்ல காரியம் தொடங்க மாட்டோம் என்றேன். சொல்லச் சொல்ல என் முகம் சுட்டது.

“தொடங்கினால் என்ன ஆகும்?” என்று கேட்டார்.

“காரியம் கெட்டுப்போகும்.”

அவர் பதிவுத் தாளை மேசையில் வைத்தார். “கெட்டுத்தான் போயிருக்கிறது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, “நான் தந்த கடிதத்தை யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கையை நீட்டினார். கைப்பையின் சிப் இரண்டு தரம் சிக்கியது. உறையை எடுத்துக் கொடுத்தேன். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கெஞ்சி வாங்குகிற கடிதம் எனக்கு வேண்டாம் என்று ஒரு திமிர். அந்தத் திமிரை நினைத்து நான் பின்னால் எத்தனை நாள் வெந்திருக்கிறேன்.

அவர் எனக்கு முன்னாலேயே விவசாயிக்கு ரெலிபோன் எடுத்தார். பரிசோதனையில் பிழை நடந்துவிட்டது, முழு நிலத்துக்கும் தெளிக்க வேண்டாம், ஒரு ஓரத்தில் ஒரு கீற்றுக்கு மட்டும் தெளியுங்கள், மற்றதுக்கு வழமையான மருந்தை அடியுங்கள் என்றார். யார் விட்ட பிழை என்று சொல்லவில்லை. என்னை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. குடுவை கழுவுகிற இடத்துக்குத் திரும்பிப் போனேன்.

அந்த ஆனி மாதம் மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஆடியில் டொக்டர் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு அந்த நிலத்துக்குப் போனார். மருந்தடித்த பக்கம் தப்பியிருந்தது. பற்றீரியா தெளித்த கீற்றில் பாதிக்கு மேல் வெளிறிக் கிடந்தது. ஒன்றுமே தெளிக்காமல் விட்ட மூலையைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். முழு நிலத்துக்கும் தெளித்திருந்தால் அந்த மனிதர் முடிந்திருப்பார். அவர் எங்களுக்குக் கோப்பி போட்டுத் தந்தார். நான் சரியாகத்தான் செய்தேன் என்று அந்தக் கோப்பியைக் குடிக்கும்போது தோன்றியது. நிம்மதி என்று சொல்லவேண்டுமென்றால் அந்த அரை மணித்தியாலம்தான்.

இலையுதிர்காலத்திலும் பனிக்காலத்திலும் பரிசோதனையைத் திரும்பச் செய்தோம். டொக்டர் பக்கத்தில் நின்றார், மணிக்கூட்டை அவரே பார்த்தார். அந்தப் பற்றீரியா உண்மையில் கொஞ்சம் தடுத்தது, ஈரம் குறைந்த நேரத்தில் நன்றாகவே தடுத்தது. அடுத்த வசந்தம் அவர் புதிதாக ஒரு கடிதம் எழுதித் தந்தார். முதல் கடிதத்தில் இருந்த அதே வசனங்கள்தான், தேதி மட்டும் ஒரு வருடம் தள்ளி. அதை அன்றைக்கே தபாலில் போட்டோம். காகிதங்கள் ஓடி முடிய ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்தது.

விசா வருவதற்கு மூன்று மாதம் முந்தி, லொட்ஜ் படியில் ஏறும்போது அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோ பிடித்தார்களாம், வழியிலேயே முடிந்துவிட்டது. என்னால் போகவும் முடியவில்லை. என் கணவர் ஒரு சொல்லுச் சொல்லவில்லை, அன்றைக்கும் இல்லை, இன்றுவரைக்கும் இல்லை. அவர் சொல்லாமல் விட்டது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அம்மா தனியாக வந்து இறங்கினார். வந்து இரண்டாம் கிழமை, குசினி மேசையில் இருந்து என்னோடு பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

“பிள்ளை, உன்ர வேலைக் கடிதம் முதல் கிடைச்சிட்டுதெண்டு சொன்னனியள். பிறகு ஏன் அவ்வளவு காலம் இழுத்தது? விசா அப்பவே வந்திருந்தா கொப்பரும் என்னோட வந்திருப்பார், என்ன?”

என் கணவர் வரவேற்பறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தது எனக்குக் கேட்டது. டொக்டருக்கு முன்னால் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த எனக்கு, பெற்ற தாய்க்கு முன்னால் வாய் வரவில்லை.

“வேலை இடத்திலதான் சுணக்கிப்போட்டினம் அம்மா” என்றேன்.

“நாசமறுவார்” என்றார் அம்மா. கண் கலங்கிப் போயிருந்தது. “அவை ஒருநாளும் நல்லா இருக்க மாட்டினம்.”

நான் பயத்தங்காயை முறித்துக்கொண்டிருந்தேன். அம்மா இன்னும் கொஞ்ச நேரம் திட்டினார். நான் முழுவதையும் கேட்டேன்.